கெடுபிடி கைவிட்ட கயிறு

கப்பல் இன்னும் கரைக்கு வந்து சேரவில்லை, அதற்குள் அவர் திட்ட ஆரம்பித்துவிட்டார். கப்பலை அல்ல; கப்பலின் முனையில் கயிற்றைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு நிற்கிற மாலுமியை. "எறியப் போறான் பாரு, குழந்தைக்குப் பந்து போடுற மாதிரி. தோளைத் திருப்பி எறிடா." மேலே நிற்பவனுக்கு இது கேட்காது. கேட்டாலும் புரியாது, அவன் எந்தத் தேசத்துக்காரனோ. கயிறு காற்றில் பிரிந்து பிரிந்து வருகிறது. அவர் ஓரக்கண்ணால் ஒரு பார்வை பார்த்து வலது கையை நீட்டுகிறார். கயிறு வந்து கையில் உட்காருகிறது. உட்கார்ந்த பிறகும் திட்டு ஓய்வதில்லை.

துறைமுகத்தில் அவருக்குக் கெடுபிடி என்று பெயர். முகத்துக்கு நேரே கெடுபிடி அண்ணன், முதுகுக்குப் பின்னால் வெறும் கெடுபிடி. சம்பளச் சீட்டில் வேறு ஏதோ பெயர் இருக்கிறது. அந்தப் பெயரைச் சொல்லி வாசலில் கேட்டால், அப்படி ஒருவரும் இங்கே இல்லை என்று காவலாளி அனுப்பிவிடுவான்.

கப்பல் கரைக்கு வந்தால் தானாக நின்றுவிடும் என்று வெளியே இருக்கிறவர்கள் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். நிற்காது. மேலேயிருந்து முதலில் ஒரு மெல்லிய எறிகயிறு வரும். அதன் நுனியில் கனத்துக்கு ஒரு குண்டு முடிச்சு. கரையிலிருப்பவன் அதைப் பிடித்து இழுத்தால், அதன் வாலில் கட்டியிருக்கும் தொடைப் பருமன் வடம் தண்ணீரிலிருந்து எழுந்து வரும். வடத்தின் முனையில் ஒரு பெரிய கண்ணி இருக்கும். அந்தக் கண்ணியைக் கரையோரத்து இரும்புக் கட்டையில் மாட்ட வேண்டும். முன்னாலும் பின்னாலும் இப்படி மாட்டிய பிறகுதான் அது கப்பல். அதுவரை அது மிதக்கிற மலை, யார் மேல் வேண்டுமானாலும் சாயும். இந்த வேலைக்குக் கெடுபிடியோடு சேர்த்து ஆறு பேர். துறைமுகத்திலேயே சின்னக் கூட்டம் அதுதான். கிரேன்காரர்கள், லாரிக்காரர்கள், கிடங்குக்காரர்கள் எல்லாம் படை படையாக இருக்கிறார்கள். கயிற்றுக்காரர்கள் ஒரு பெஞ்சில் அடங்கிவிடுவார்கள்.

அந்த ஆறு பேருக்குள் ஒரு சட்டம் உண்டு. கைக்கு வந்த எறிகயிற்றைத் தண்ணீரில் விட்டவன் அன்றைக்கு எல்லாருக்கும் டீ வாங்கித் தர வேண்டும். கெடுபிடி சேர்ந்த நாளிலிருந்து ஒரு டீகூட வாங்கித் தந்ததில்லை. கஞ்சன் என்று சொல்ல முடியாது. விட்டதில்லை, அவ்வளவுதான்.

வீட்டிலும் மனிதர் அப்படியேதான். கடையிலிருந்து வருகிற பொட்டலத்தின் நூலை யாரும் வெட்டக் கூடாது. அவர்தான் நகத்தால் நெம்பி நெம்பி அவிழ்ப்பார். அதுவரை எல்லாரும் காத்திருக்க வேண்டும். அவர் மனைவி ஆஸ்பத்திரிச் சலவைப் பிரிவில் வேலை பார்க்கிறார். நாள் முழுக்க மலை மலையாகத் துணியோடு மல்லுக்கட்டிவிட்டு வருகிற பெண்மணி. "கத்தரிக்கோல்னு ஒண்ணை எதுக்குக் கண்டுபிடிச்சாங்க, உங்க அழகைப் பார்க்கவா?" என்பார். கெடுபிடி காதில் போட்டுக்கொள்வதில்லை. வீட்டுக் கூடத்தில் குறுக்கே துணி காயப்போட்ட கொடி ஒன்று இருக்கிறது. குனிந்து போனால் இரண்டு எட்டில் அடுப்படி. அவர் போகமாட்டார். சுவரோரமாகச் சுற்றிக்கொண்டுதான் போவார். இறுகி நிற்கிற கயிற்றுக்குக் கீழேயும் போகக் கூடாது, மேலேயும் தாண்டக் கூடாது. அறுந்தால் ஆளை இரண்டாக்கிவிடும். துறைமேடையில் அது சரி. ஈர லுங்கி தொங்குகிற கொடி யாரை இரண்டாக்கும் என்று மனைவி கேட்டால், "பழக்கம்னா பழக்கம்" என்று உறுமுவார்.

மனைவியின் தம்பியும் துறைமுகத்தில்தான் இருக்கிறார். சூப்பர்வைசர், வெள்ளைத் தலைக்கவசம், இடுப்பில் பேசுகிற கருவி. ஆள் குள்ளம், நல்ல மனசு, பயந்த சுபாவம். கெடுபிடிக்கு வேலை ஏவ வேண்டிய இடத்தில் இருக்கிறார், பாவம். மேடையில் "மாமா, கொஞ்சம் சீக்கிரம்" என்பார். "நீ தள்ளி நில்லு மாப்ளே, கயிறு ஓடுற பாதையில நிக்கிற. உங்க அக்காவுக்கு யாரு பதில் சொல்றது" என்று கெடுபிடி எல்லார் முன்னாலும் விரட்டுவார். சூப்பர்வைசர் தள்ளி நிற்பார்.

போன வருஷம் கடலுக்கு அந்தப் பக்கத்து நாட்டில் ஒரு காலையில் ராணுவம் ஆட்சியைப் பிடித்துக்கொண்டது. ஜனங்கள் ஓட்டுப் போட்டு உட்காரவைத்தவர்களை இழுத்துக்கொண்டுபோய் அடைத்தார்கள். தெருவில் இறங்கிய பிள்ளைகள் மேல் லாரியை ஓட்டினார்கள். அங்கே முதலில் வேலையைப் போட்டுவிட்டு வெளியே வந்தவர்கள் ரயில்காரர்கள், நர்சுகள், துறைமுகக்காரர்கள். நம் கெடுபிடி பத்திரிகை படிக்கிறவர் அல்ல. ஆனால் அவருக்கு அந்த நாட்டில் ஒரு ஆளைத் தெரியும். பார்த்ததில்லை, பேசினதில்லை, பெயரும் தெரியாது.

விஷயம் இதுதான். அந்த நாட்டுத் துறைமுகத்தில் ஒரு கயிற்றுக் கொட்டகை உண்டு. கப்பல்களின் நைந்துபோன வடங்களுக்குப் புதுக் கண்ணி பின்னித் தருவார்கள். அங்கே யாரோ ஒருவன் பின்னலை முடிக்கிற இடத்தில் பச்சை நூலால் இறுக்கிச் சுற்றிவிடுவான். அந்தப் பக்கம் போய்வருகிற கப்பல்களின் கண்ணி கைக்கு வந்ததும் கெடுபிடி புரட்டிப் பார்ப்பார். "நம்ம பச்சை நூல்காரன் வேலை. பயந்த பய, ரெண்டு சுத்து அதிகமா சுத்துறான்" என்பார். திட்டினாலும், அந்தக் கண்ணியை மாட்டும்போது மட்டும் அவருக்கு இரண்டாம் தடவை இழுத்துப் பார்க்கிற வழக்கம் கிடையாது. ராணுவம் வந்ததிலிருந்து பச்சை நூலைக் காணோம். புதிதாக வந்த கண்ணிகளில் எவனோ கம்பியைச் சுற்றி அனுப்பியிருந்தான். அது இங்கே ஆறு பேரில் ஒருவன் உள்ளங்கையைக் கிழித்தது.

சங்கத்தில் கூட்டம் போட்டார்கள். சங்கச் செயலாளர் ஒரு பெண், கிரேன் ஓட்டுகிறவர். அவ்வளவு உயரத்தில் தனியாக உட்கார்ந்து பழகியதாலோ என்னவோ, சுற்றிவளைத்துப் பேசத் தெரியாது. நாலாம் கிடங்கில் லாரி டயர்களும் கண்ணீர்ப்புகைக் குண்டுப் பெட்டிகளும் வந்து இறங்கியிருக்கின்றன, அந்த ராணுவத்துக்குப் போகிற சரக்கு, ஏற்றிக்கொண்டு போக ஒரு கப்பல் வருகிறது என்றார். அந்த நாட்டுச் சங்கத்தார் ஒளிந்திருந்து அனுப்பிய சேதியை வாசித்தார். இந்தப் பெட்டிகள் எங்கள் தெருவுக்குத்தான் வருகின்றன, ஏற்றாதீர்கள் என்பதுதான் சேதி. கப்பல் ஒருமுறை கட்டப்பட்டுவிட்டால் வெளியாட்களைக் கொண்டுவந்து ஏற்றிவிடுவார்கள், ஆகையால் கட்டவே விடக் கூடாது என்று முடித்தார். ஹால் முழுக்கக் கைதட்டல்.

கெடுபிடி கடைசி வரிசையில் டீ கிளாசோடு எழுந்தார். "கை தட்டுறது சுலபம். எல்லாரும் கை தட்டுவீங்க, கயிறு வர்றது எங்க ஆறு பேர் மூஞ்சிக்கு" என்றார். அவர் சொன்னதில் தப்பில்லை. மறுக்கிற முதல் ஆள் கயிற்றுக்காரன், வேலை போகிற முதல் ஆளும் அவன்தான். செயலாளர் ஒத்துக்கொண்டார். "உங்க ஆறு பேர்ல ஒருத்தர்மேல கை வச்சா என் கிரேன் இறங்காது, அண்ணே. வேற என்ன வேணும், சொல்லுங்க" என்றார்.

"அங்க கயிற்றுக் கொட்டகையில பச்சை நூல் சுத்துறவன் ஒருத்தன் இருந்தான். அவன் என்ன ஆனான்னு கேட்டுச் சொல்லு."

சிலர் சிரித்தார்கள். செயலாளர் சிரிக்கவில்லை. அங்கேயே உட்கார்ந்து சேதி அனுப்பினார். மற்றவர்கள் பேசி முடிப்பதற்குள் பதில் வந்துவிட்டது. பச்சை நூல்காரன் யாரென்று எழுதியவருக்குத் தெரியவில்லை. ஆனால் கயிற்றுக் கொட்டகை ஆட்கள் ஒருவர் பாக்கியில்லாமல் முதல் வாரமே வெளியே வந்துவிட்டார்கள். பாதிப்பேர் சிறையில், மீதிப்பேர் தலைமறைவு. இப்போது அங்கே கண்ணி பின்னுகிறவர்கள் சிப்பாய்கள்.

"அதான் கம்பியைச் சுத்துறானுங்க" என்றார் கெடுபிடி. அப்புறம் ஓட்டெடுப்பு. வலது கையில் டீ இருந்தது. இடது கையைத் தூக்கினார். கயிற்றுக்காரர்கள் மற்ற ஐந்து பேரும் தூக்கினார்கள்.

கப்பல் வருகிற அன்றைக்குக் காலையில் சூப்பர்வைசர் அக்கா வீட்டுக்கு வந்து நின்றார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. கயிறு பிடிக்காவிட்டால் ஆறு பேரையும் அந்த இடத்திலேயே வெளியே அனுப்பச் சொல்லி மேலிடத்தில் உத்தரவு போட்டாயிற்று, நுழைவுச் சீட்டைக் கழற்றி வாங்க வேண்டியது தன் பொறுப்பு என்று சொல்வதற்குள் அவருக்கு வேர்த்துவிட்டது. உடம்பு சரியில்லை என்று இன்றைக்கு மட்டும் மாமா வீட்டிலேயே படுத்துக்கொண்டால் என்ன என்று கேட்டார்.

கெடுபிடி பூட்ஸ் நாடாவைக் கட்டிக்கொண்டிருந்தார். "நான் படுத்தா அந்த ஐஞ்சு பேரு முதுகுல ஏறிப் படுக்கிற மாதிரி மாப்ளே" என்றார். மனைவி புருஷனுக்கும் தம்பிக்கும் ஆளுக்கொரு டம்ளர் டீ கொடுத்துவிட்டு, தன் வேலைக்கு நேரமாகிவிட்டதென்று கிளம்பினார். வாசலில் மட்டும் திரும்பி, புருஷனைப் பார்த்து, "பார்த்து நில்லுங்க, ஓரத்துல வழுக்கும்" என்றார். அவர் வாயிலிருந்து அதற்கு மேல் சம்மதம் வராது.

மேடையில் அன்றைக்குக் கூட்டம். கிரேன்காரர்கள் கிரேனை நிறுத்திவிட்டு ஏணியில் நின்று பார்த்தார்கள். கெடுபிடி ஒரு காரியம் முன்கூட்டியே செய்திருந்தார். கப்பலை அணைத்துக்கொண்டு வருகிற இழுவைப் படகுக்காரரிடம், பிடியை விட்டுவிடாதே என்று சொல்லியிருந்தார். "கட்டாம விடுறது வேற, மோத விடுறது வேற. உள்ள இருக்கிறவனும் கூலிக்காரன்தான்." அது உண்மை. அந்தக் கப்பல் மாலுமிகளில் பாதிப்பேர் அந்த நாட்டுப் பிள்ளைகள்.

கப்பல் மெதுவாக ஒருக்களித்து வந்தது. முனையில் ஒரு இளைஞன் எறிகயிற்றோடு நின்றான். ஆறு பேரும் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். சூப்பர்வைசர் பின்னால் நின்றார், அவர் இடுப்புக் கருவி கத்திக்கொண்டேயிருந்தது. இளைஞன் எறிந்தான். கெடுபிடி தன் காலத்தில் பார்த்த நல்ல எறிகளில் அது ஒன்று. தோளைத் திருப்பி, இடுப்பைச் சுழற்றி, அளந்து எறிந்த எறி. கயிறு ஒரே வளைவாக வந்தது. கெடுபிடியின் வலது கை கட்டிலிருந்து அவிழ்ந்து மேலே போயிற்று. டப்பென்று பிடித்துவிட்டது.

பின்னால் சூப்பர்வைசர் மட்டும் "அப்பாடா" என்றார். கயிற்றுக்காரர்களில் நெட்டையன் என்று ஒருவன் உண்டு, வாய் ஓயாதவன். "அண்ணே, என்னண்ணே இது" என்றான் மெதுவாக. ஏணியில் நின்ற செயலாளர் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டார். மேலே கப்பலில் வடத்தை இறக்க ஆரம்பித்துவிட்டார்கள். கெடுபிடி தன் கையையே பார்த்தார். வேறு யாருடைய கையோ தன் சட்டைப்பையில் நுழைந்ததைப் போலப் பார்த்தார்.

"கூட்டத்துல தூக்கினது இடது கைடா" என்றார் நெட்டையனிடம். "இந்தக் கைக்கு விஷயம் தெரியாது."

சொல்லிவிட்டு விளிம்புக்கு நடந்தார். கையை நீட்டி, ஒவ்வொரு விரலாகத் திறந்தார். ஒட்டிப்போன ஒன்றைப் பிரிக்கிற மாதிரி இருந்தது அது. கயிறு உள்ளங்கையில் வழுக்கி, விளிம்பில் உரசி, குண்டு முடிச்சு தண்ணீரில் விழுந்தது. சின்னச் சத்தம்தான். ஏணியில் இருந்தவர்கள் போட்ட சத்தத்தில் கிடங்கு மேல் உட்கார்ந்திருந்த பறவைகள் எல்லாம் எழும்பிப் பறந்தன. நெட்டையன் சமயம் பார்த்து, "துறைமுகம் முழுக்கச் சாட்சி. எல்லாருக்கும் டீ, அண்ணே" என்றான்.

இளைஞன் கயிற்றை இழுத்துச் சுருட்டி மறுபடி எறிந்தான். இந்த முறை அது கெடுபிடியின் பூட்ஸ் மேலேயே வந்து விழுந்தது. அவர் போய் இரும்புக் கட்டை மேல் உட்கார்ந்துகொண்டார். மற்ற ஐந்து பேரும் ஆளுக்கொரு கட்டையில் உட்கார்ந்தார்கள். மாட்ட இடமில்லை. கயிறு தானாக நழுவித் தண்ணீருக்குப் போனது. கப்பலின் ஒலிபெருக்கி ஏதோ அதட்டியது. இளைஞன் மூன்றாம் தடவை கயிற்றைச் சுருட்டினான். சுருட்டிக் கையை ஓங்கினான். ஓங்கியவன் கீழே பார்த்தான். கட்டைக்கொரு ஆளாக உட்கார்ந்திருக்கிற ஆறு பேரையும், அவர்களுக்குப் பின்னால் அசையாமல் நிற்கிற கிரேன்களையும் பார்த்தான். கையை இறக்கினான். சுருளைக் காலடியில் வைத்தான். இரண்டு கையுறைகளையும் கழற்றி அதன் மேல் போட்டான். பின்முனையிலிருந்தவனும் அதையே செய்தான்.

ஒலிபெருக்கி கத்திக் கத்தி ஓய்ந்தது. கடைசியில் இழுவைப் படகுதான் கப்பலைத் திருப்பி வெளியே கொண்டுபோனது. "நல்லா எறியத் தெரிஞ்ச பய" என்றார் கெடுபிடி. அவர் ஒரு மாலுமியைத் திட்டாமல் விட்டது அன்றைக்குத்தான். அந்த மாலுமிகளைப் பற்றிப் பிற்பாடு செயலாளர் விசாரித்தார். வேறொரு துறைமுகத்தில் இறங்கிவிட்டார்களாம், அங்கிருக்கும் மாலுமிச் சங்கத்தார் கவனித்துக்கொள்கிறார்களாம்.

ஆனால் உத்தரவு உத்தரவுதானே. சூப்பர்வைசர் ஆறு பேரிடமும் வந்தார். ஐந்து பேர் தாங்களே கழற்றிக் கொடுத்துவிட்டார்கள். கெடுபிடி உட்கார்ந்த இடத்தை விட்டு அசையவில்லை. "நானா கழட்டித் தரமாட்டேன். உனக்கு உத்தரவுன்னா நீ கழட்டிக்க." சூப்பர்வைசர் மாமா கழுத்திலிருந்து நாடாவைத் தூக்கி எடுத்தார். அது காதில் மாட்டிக்கொண்டது. காதை விலக்கிவிட்டு எடுத்தார். எடுத்தபின் மாமாவின் முகத்தைப் பார்க்காமல் போய்விட்டார்.

அன்று சாயந்திரம் வீட்டுக்கு வந்த சூப்பர்வைசருக்கு அக்கா தட்டு வைத்தார். வைத்துவிட்டு, "அவர் கழுத்துல கை வச்சியாமே. கையைக் கழுவிட்டு வந்து சாப்பிடு" என்றார். தம்பி தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துபோனார். கெடுபிடிக்குத்தான் மனசு கேட்கவில்லை. அவனும் கூலிக்காரன்தானே என்று இரண்டு தடவை சொல்லிப் பார்த்தார். மனைவி கொடியில் துணியை உதறி உதறிப் போட்டார்.

செயலாளர் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். மறுநாள் கிரேன் இறங்கவில்லை. கிரேன் இறங்காததால் லாரி வரவில்லை. இழுவைப் படகுக்காரருக்குத் திடீரென்று இயந்திரக் கோளாறு. வேறு சரக்குக் கப்பல்கள் வெளியே வரிசையாக நங்கூரம் போட்டு நின்றன. அலுவலகத்து ஆட்கள் சிலரைக் கயிறு பிடிக்க அனுப்பிப் பார்த்தார்கள். முதல் எறியிலேயே குண்டு முடிச்சு ஒருவர் தோளைப் பதம் பார்க்க, எல்லாரும் காகிதத்துக்கே திரும்பிவிட்டார்கள். அந்தக் கப்பல் வெளியே கொஞ்ச நாள் நின்று பார்த்துவிட்டு வெறும் வயிற்றோடு போய்விட்டது. நாலாம் கிடங்குப் பெட்டிகளை லாரியில் ஏற்றி, வந்த வழியே வாசல் வழியாகத் திருப்பி அனுப்பினார்கள். ஒரு டயர்கூடக் கடல் தாண்டவில்லை, ஒரு குண்டுகூட அந்தத் தெருவுக்குப் போய்ச் சேரவில்லை. அங்கே ராணுவம் இன்னும் உட்கார்ந்துதான் இருக்கிறது. ஆனால் அதன் லாரிகளில் பல ஓட டயரில்லாமல் நிற்கின்றன என்று சேதி.

கயிற்றுக்காரர்களைத் திரும்ப எடுத்துக்கொள்கிறோம் என்று மேலிடம் இறங்கிவந்த அன்று காலை, வாசலில் ஜனம் நிரம்பிவிட்டது. செயலாளர் செல்போனைக் கெடுபிடியின் மூக்குக்கு நேரே பிடித்தார். அந்த நாட்டிலிருந்து வந்த படம். முகத்தை மூடிக்கொண்ட கூட்டம் ஒன்று தெருவில் போகிறது. முன்னால் ஒரு பெரிய பலகை. அதில் விரல்கள் விரிந்த ஒரு கை, கீழே தண்ணீர், நடுவில் விழுகிற கயிறு. கெடுபிடி வெகுநேரம் பார்த்தார். எல்லாரும் அவர் ஏதாவது சொல்வார் என்று காத்திருந்தார்கள்.

"கயிறு தப்பு" என்றார். "மூணு புரி போட்டு முறுக்கணும். இவன் ரெண்டுதான் போட்டிருக்கான். சொல்லி அனுப்பு." டீ குடிக்கப் போகலாமா என்று நெட்டையன் கேட்டதற்கு, காசை எடுத்து அவன் கையில் திணித்துவிட்டு முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார்.

அப்போது சூப்பர்வைசர் வந்தார். கையில் ஆறு நுழைவுச் சீட்டுகள், நாடாக்கள் ஒன்றோடொன்று சிக்கிக்கிடந்தன. கூட்டம் அவரைப் பார்த்து முணுமுணுத்தது. ஐந்து பேர் தங்கள் தங்கள் சீட்டைப் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டார்கள். கடைசிச் சீட்டைப் பிடித்துக்கொண்டு அவர் மாமாவின் முன்னால் வந்து நின்றார். சீட்டை நீட்டினார்.

கெடுபிடி கை நீட்டவில்லை. மேலதிகாரி யார் வந்தாலும் விறைத்துக்கொண்டே நிற்கிற அந்த மனிதர், ஓர் எட்டு முன்னால் வைத்து, முழங்காலைக் கொஞ்சம் மடக்கி, குள்ளமான மாப்பிள்ளையின் கை எட்டுகிற உயரத்துக்குத் தலையைக் குனிந்துகொடுத்தார்.